கொசுறு வில்லை

உயிரோடு இருப்பதற்கு அந்த வருஷம் தலைக்கு, நாளொன்றுக்கு, நாலு ரூபாய் எண்பது காசு. சர்க்கார் இலாகா போட்ட விலை, காசும் இலாகாவே கட்டும், பேரம் கிடையாது.

பேரம் இல்லாத வியாபாரத்தைத் தங்கப்பழம் தன் ஐம்பத்தெட்டு வயதில் அதற்கு முன் பார்த்ததில்லை. மகளுக்குப் பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, "ரெண்டா பிடுங்குனா எவ்வளவு கொறைப்பிய?" என்று கேட்டுவிட்டு வந்தவர் அவர்.

தூத்துக்குடிக் கிட்டங்கித் தெரு முக்கில் அவருடைய பலசரக்குக் கடை. தெருவில் நானூறு தலை. நானூறு தலைக்கும் தினம் நானூறு வில்லை. வெள்ளை நிறம், சுண்டைக்காய் அளவு, நாக்கில் வைத்தால் பழைய சாவியைச் சப்பியது போல ஒரு ருசி. உள்ளே இருபத்தைந்து மில்லிகிராம் துத்தநாகம். தெருக்காரர்கள் வாயில் அது 'ஜிங்க்கு'.

எல்லாம் அரிசி செய்த வேலை. காற்றில் கரிப்புகை ஏற ஏறப் பயிர் கொழுத்தது. கதிர் நீண்டது, மூட்டை எடை கூடியது, விவசாயி சிரித்தான், வியாபாரியும் சிரித்தான். உள்ளே சரக்கு மட்டம் என்பது பிறகுதான் தெரிந்தது. மணிக்குள் இருக்கவேண்டிய துத்தநாகம் வருஷா வருஷம் குறைந்து, ஒரு கட்டத்தில் இல்லை என்றே ஆகிவிட்டது. மீனும் கறியும் அதற்குள் நகைக்கடை விலைக்குப் போயிருந்தன. முதலில் ஜனங்கள் சோறு ருசிக்கவில்லை என்றார்கள். பெண்டாட்டிமார் திட்டு வாங்கினார்கள். அப்புறம் முழங்காலில் பட்ட சிராய்ப்பு மாசக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. அப்புறம் சாதாரணச் சளி ஆளைத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கியது.

அதனால்தான் தெருவுக்கு ஒரு கடையில் குரல்பெட்டி வந்தது. பீரோ அளவு இரும்பு. ஆளின் குரல்தான் அதற்குச் சாவி. ஒவ்வொருவரும் ஆரம்பத்தில் ஒரு முறை பெயரும் வீடும் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். தினம் காலை ஆறு மணிக்குப் பெட்டி அந்த நானூறு குரலையும் தானே வரிசையாக ஓட்டிப் பார்க்கும். ஒரு குரலுக்கு ஒரு வில்லை தட்டில் விழும். பிறகு அவரவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

"இதென்ன கூத்து? செய்யுற வேலைய சத்தமில்லாம செய்யப்பிடாதா?" என்று பெட்டியைப் பொருத்த வந்த பொறியாளரிடம் தங்கப்பழம் கேட்டார்.

"குரல் உள்ள சரியா இருக்கான்னு தினம் ஒருக்கா பார்த்துக்கிடும் அண்ணாச்சி. பூட்டு துருப்பிடிக்காம இருக்க சாவியப் போட்டுத் திருப்பிப் பார்ப்போம்லா, அந்த மாதிரி."

"ஆளு செத்துப்போனா?"

"பேரைச் சொல்லி 'மூடு'ன்னு சொல்லுங்க. குரல் அழிஞ்சிரும், வில்லை நின்னுரும். பெட்டிக்குள்ள அந்த மாசத்துக்கு அவங்க கணக்குல மிச்சம் இருக்கிற வில்லைய மாசக் கடைசியில திருப்பி அனுப்பிருங்க."

"அழிஞ்ச குரலு திரும்பி வருமாய்யா?"

"வராது," என்றார் பொறியாளர், திருகாணியை முறுக்கிக்கொண்டே.

பெட்டி வந்த மூன்றாம் மாதம், வில்லை உடம்பில் ஊறி வேலை செய்வதற்கு முன்பே, ஒரு காய்ச்சல் வந்தது. தெருவில் ஒன்பது பேரைக் கொண்டுபோயிற்று. அதில் ஒருத்தி செண்பகவல்லி, தங்கப்பழத்தின் மனைவி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடை திறந்தார். மணி ஆறு. பெட்டி முனக ஆரம்பித்தது. நாலைந்து குரலுக்குப் பிறகு, "செண்பகவல்லி. கடைவீடு. ஏங்க, இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

பதிவு செய்த அன்று அவள் பெட்டியைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டது அது. வில்லை தட்டில் விழுந்தது. டொக்.

பேரைச் சொல்லி, 'மூ' என்பது வரைக்கும் வந்தார். அதற்கு மேல் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். பாக்கி வைத்தவன் சொல்கிற 'நாளைக்கு' எத்தனை நீளம் என்பது கடைக்காரருக்குத் தெரியாததல்ல.

மூன்றாம் வீட்டு பிலோமி அதே வாரம் வந்து நின்றாள். அவள் புருஷன் சிலுவை பர்னாந்தும் ஒன்பதில் ஒருவன், வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவன்.

"அண்ணாச்சி, ஒரு உதவி. அவிய குரல அழிச்சிராதிய. காலைல வந்து ஓரமா நின்னு கேட்டுட்டுப் போயிருதேன்."

"ஒன் போன்ல பிடிச்சு வச்சுக்கிட வேண்டியதுதானம்மா?"

"வச்சிருக்கேன். போன்ல பேசுனா பேச்சோட நின்னுருது அண்ணாச்சி. இங்கன, அவிய பேசி முடிச்சதும் ஒரு வில்லை விழுதுல்லா. அவிய கேட்டதுக்கு யாரோ பதில் குடுத்த மாதிரி இருக்கு."

தன் வீட்டுக் குரலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் குரலை அழிக்க எந்தக் கடைக்காரனுக்கு வாய் வரும்? சரி என்றார். செய்தி பரவியது. காலை ஆறு மணிக்குக் கடை வாசலில் ஒன்பது வீட்டு ஆட்களும் வந்து நின்றார்கள். யாரும் பேசிக்கொள்வதில்லை. தன்வீட்டுக் குரல் வந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு சோப்போ தீப்பெட்டியோ வாங்கிக்கொண்டு போனார்கள். சும்மா கேட்டுவிட்டுப் போகக் கூச்சம். தங்கப்பழம் அந்தக் காசை வாங்கி வேறொரு டப்பாவில் போட்டார், கல்லாவில் சேர்க்கவில்லை.

இலாகாவிலிருந்து கேள்வி வரவில்லை. சாவைப் பதிவது ஒரு இலாகா, வில்லை அனுப்புவது இன்னொரு இலாகா. இரண்டும் ஒரே கட்டடத்தில் மேல்மாடியும் கீழ்மாடியுமாக இருந்தன. பார்த்துக்கொண்டால் தலையசைத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் பழக்கம்.

ஆனால் வில்லை விழுந்துகொண்டேயிருந்தது. தினம் ஒன்பது.

இந்த இடத்தில் தங்கப்பழத்தின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தராசு முள் நட்டநடுவில் நின்றால் அவருக்கு அவமானமாக இருக்கும். வாங்குபவர் பக்கம் ஒரு நூல் சாய வேண்டும். கால் கிலோ பருப்புக்கு நாலு வற்றல், தேங்காய்க்குக் கறிவேப்பிலை, குழந்தையைக் கூட்டிவந்தால் ஒரு கடலைமிட்டாய். விலையில் அரை ரூபாய் விடமாட்டார். கொசுறில் ஐந்து ரூபாய் போவதைக் கவனிக்கமாட்டார். அவர் அப்பாவும் அப்படி, கடையும் அப்படி. விழுந்த சரக்கைக் குப்பையில் போட அந்தக் கைக்குத் தெரியாது. திருப்பி அனுப்பலாமென்றால் குரலை மூட வேண்டும்.

செண்பகவல்லியின் வில்லையை மகள் வதனாவிடம் நீட்டினார். வதனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். எழுபதடி உயரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து காலால் மிதித்துக் கப்பல் சரக்கை இறக்குவாள்.

"இது யாருது எப்பா?"

"ஒங்கம்மா பங்கு. ஒன்ன விட்டா யாருக்குக் குடுக்க?"

வதனா அதைக் கோயில் திருநீறு மாதிரி இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

மற்ற எட்டையும் அப்படியே பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். சிலுவையின் வில்லை பிலோமிக்கு. இருமுகிற மரக்கடைச் சுடலைமுத்துவுக்கு மூன்று. கைம்பெண்ணாகத் தனியே இருக்கும் தையல்காரி அன்னக்கிளிக்கு இரண்டு. "யாருகிட்டயும் சொல்லாதிய" என்று கண்ணைச் சுருக்கிக் கையில் திணிப்பார். வாங்கியவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஊரெல்லாம் ஒன்றுக்குப் பஞ்சம். இவர்களுக்கு மட்டும் மூன்று, நாலு. அண்ணாச்சிக்கு நம்மேல் தனிப் பிரியம்.

மறு வருஷம் சுடலைமுத்து தொண்டையில் சீழ் வைத்துச் செத்தார். அவர் குரலையும் மூடவில்லை. அவருடைய ஒரு வில்லையும், அவருக்குக் கொடுத்துவந்த மூன்றும் கையில் மிஞ்சின. இழவு விழுந்த வீட்டுக்கு வெறுங்கையாகப் போவதா? அந்த நாலையும் அவர் மனைவிக்குக் கொடுத்தார், தினமும் கொடுத்தார். பத்து மாதத்தில் அவளும் போனாள். அன்னக்கிளி, அதற்கடுத்த ஆடியில். வில்லை தின்றும் ஆள் சாகிறதென்றால் தின்றது போதவில்லை என்றுதானே அர்த்தம்? தங்கப்பழம் கொசுறைக் கூட்டினார். ஒவ்வொரு சாவும் தட்டில் ஒரு வில்லையைக் கூட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு வில்லையும் யாரோ ஒருவர் வாய்க்குப் போயிற்று. மூன்றரை வருஷத்தில் பெட்டிக்குள் செத்தவர் குரல் இருபத்தாறு. காலை ஆறு மணிக் கூட்டம் தெருவை அடைத்தது. வதனாவின் கொசுறு ஒன்றிலிருந்து ஐந்தாகியிருந்தது.

அந்த வைகாசியில் ஒரு நாள், இரண்டு மணி ஷிப்டுக்குப் போனவள் மூன்றுக்கே திரும்பினாள். கடை வாசலில் நின்று, செருப்பில்லாத தன் காலைப் பார்த்தாள்.

"செருப்பு எங்க தாயி?"

"கழண்டு விழுந்தது தெரியல எப்பா. மிதி மேல கால் இருக்கா இல்லையான்னு தெரியல. குனிஞ்சு பார்த்துப் பார்த்து ஓட்டுனேன். சரக்குப் பெட்டி கைநழுவி கப்பல் ஓரத்துல இடிச்சிட்டு." அவள் உதட்டோரம் புண்ணாக இருந்தது. நெற்றியைத் தொட்டால் சுட்டது. "கால் இருக்கு. ஆனா என்கூட இல்ல."

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிலோஃபர். காயல்பட்டினத்துக்காரி, நாற்பது வயது, மூன்றரை வருஷத்தில் கிட்டங்கித் தெரு ஆட்களுக்கு மட்டும் பதினேழு சாவுச் சீட்டு எழுதிக் கையெழுத்துக் கோணிப்போனவள்.

"வெள்ளை அணு நாலாயிரம் இருக்கணும் அண்ணாச்சி. இவளுக்குத் தொள்ளாயிரம். இப்போ ஒரு தும்மல் பட்டாலும் தாங்கமாட்டா."

"வில்லையக் கூட்டிருவோமா டாக்டரம்மா? எத்தன வேணும் சொல்லுங்க. எங்கிட்ட இருக்கு."

"ரத்தம் ஏத்தணும். ஒங்க ரத்தம் சேருதான்னு பார்க்கிறேன், கைய நீட்டுங்க."

ஒரு மணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சாப்பிடுறீங்க நீங்க?"

"எல்லாரும் திங்கதுதான். சோறு, ரசம். ஏன், எனக்கும் ஏதும் கோளாறா?"

"கோளாறே இல்ல. அதுதான் கேட்கிறேன். இந்த வருஷம் ஒங்க தெருவுலருந்து வந்த ரத்தத்துலயே ஒங்களுதுதான் சுத்தம். அணு ஆறாயிரம். ஒரே அரிசி, ஒரே தண்ணி, ஒரே பெட்டி. ஒரே வீட்டுல மக படுத்திருக்கா, நீங்க மாடு மாதிரி நிக்கிறீங்க. வில்லை எத்தன போடுறீங்க?"

"எம் பங்கு ஒண்ணு."

"ஒண்ணுதானா? இவ்வளவு கையில வச்சுக்கிட்டு?"

தங்கப்பழத்துக்குச் சிரிப்பு வந்தது. "என்ன டாக்டரம்மா இது. கடைக்காரன் தனக்குத்தானே கொசுறு போட்டுக்கிட முடியுமா?"

நிலோஃபர் சிரிக்கவில்லை. தாளை மேஜைமேல் வைத்தாள். "கொசுறா?"

சொன்னார். முதலில் பெருமையாகத்தான் தொடங்கினார். செண்பகவல்லியின் குரல், சிலுவையின் குரல், தினம் விழுகிற வில்லை, யார் யாருக்கு எத்தனை. பாதியில் அவள் முகத்தைப் பார்த்துக் குரல் இறங்கியது. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நெஞ்செலும்புக்குப் பின்னால ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருக்கு அண்ணாச்சி. ஒடம்போட காவல்காரங்க அங்க படிச்சிட்டுத்தான் வேலைக்கு வர்றாங்க. யாரு நம்ம ஆளு, யாரு அந்நியன்னு. ஜிங்க் இல்லன்னா அந்தப் பள்ளிக்கூடம் பூட்டிரும்."

"அதுக்குத்தானே குடுக்கோம்?"

"அதுக்கு ஒரு வில்லை போதும். குடல்ல ஒரு வாசல் இருக்கு. ஜிங்க் மூட்டை மூட்டையா வந்து எறங்கினா, அதப் பிடிச்சு வைக்கக் குடல் சுமைகூலி ஆளுங்கள நிறைய எறக்கும். அந்த ஆளுங்களுக்கு ஜிங்க்கை விடத் தாமிரத்து மேலதான் பிடிப்பு. சோத்துல வர்ற கொஞ்சூண்டு தாமிரத்தையும் அவங்க கட்டிப் பிடிச்சுக்குவாங்க, உள்ள விடமாட்டாங்க. குடல் தோல் ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா உதிரும். ஆளும் போவான், தாமிரமும் போயிரும்."

துறைமுக ஊரில் வளர்ந்தவருக்கு வாசலும் சுமைகூலியும் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"தாமிரம் போனா?"

"வெள்ளை அணு ஊறாது. ரத்தம் வெளுக்கும். காலிலருந்து நரம்பு மரத்துக்கிட்டே வரும். ஜிங்க் ரொம்ப ஏறிட்டா மிச்சம் இருக்கிற காவல்காரங்களும் தூங்கிருவாங்க. கொறஞ்சா என்ன ஆகுமோ, கூடினாலும் கிட்டத்தட்ட அதேதான். பார்த்தா ஒண்ணு போலவே இருக்கும்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஊரே ஜிங்க் பஞ்சத்துல கிடக்கு. எந்த டாக்டர் ஜிங்க் கூடிப்போச்சுன்னு தேடுவான்? சுடலைமுத்துக்குக் கடைசி வாரம் ரெண்டு வில்லை சேர்த்து எழுதிக் குடுத்தது நான்தான்."

தங்கப்பழம் மூடிய கதவைப் பார்த்தார்.

"வதனா?"

"இன்னையோட ஜிங்க்க நிறுத்தணும். தாமிரம் ஏத்துறேன். அணு ஏறுச்சுன்னா பொழைச்சிருவா. ஆறு வாரம் கண்ணாடி அறையில இருக்கணும், நீங்ககூடக் கிட்ட போகக்கூடாது. காலைப் பத்தி நான் எதுவும் சொல்லமாட்டேன்."

தங்கப்பழம் மேல்துண்டை எடுத்து மடியில் வைத்தார். மடித்தார், பிரித்தார்.

"காய்ச்சல்ல போன ஒம்பதும் எங்கணக்குல வராது, அப்பிடித்தானே?"

"வராது."

"அதுக்கப்புறம் பதினேழு. அதுல அஞ்சு பேருக்கு நான் கொசுறு குடுக்கல. லாரியில அடிபட்டவன், நெஞ்சுவலி, அப்பிடி. மிச்சம் பன்னெண்டு. பன்னெண்டும் நானா?"

"தெரியாது."

"ஒரு அஞ்சு இருக்குமா?"

"அண்ணாச்சி..."

"ஏழு? ஏழுன்னா ஒத்துக்கிடுதேன். ஒரு எண்ணச் சொல்லுங்க டாக்டரம்மா. நீங்க சொல்லுத எண்ணு எதுன்னாலும் நான் கொறைக்கச் சொல்லமாட்டேன்."

"எரிச்சாச்சு, புதைச்சாச்சு. யார் யாருக்குள்ள எவ்வளவு தாமிரம் இருந்ததுன்னு இனி யாரும் பார்க்க முடியாது. எங்கிட்ட அந்த எண் இல்ல அண்ணாச்சி. மறைக்கல. இல்ல."

அவர் வாழ்நாளில் எதிராளி விலையே சொல்லாத பேரம் அது ஒன்றுதான். எழுந்து வந்துவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் வதனா படுத்திருந்தாள். கையில் ஊசி. ஜாடையில், என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். அவள் கட்டிலின் கால்மாட்டில் மாட்டியிருந்த பலகையில் 900 என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலை ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் கடைக்கு வெளியே வந்து, கூட்டத்தின் முன் நின்றார். இருபத்தாறு குரல்களின் வீட்டு ஆட்கள். விற்பதற்குப் பேசிப் பழகிய வாய். இதற்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது. டாக்டர் சொன்னதை, பள்ளிக்கூடம், வாசல், சுமைகூலி என்று அப்படியே சொன்னார். கொசுறு வாங்கிச் செத்த பன்னிரண்டு பேருடைய பெயரையும் சொன்னார்.

முதலில் யாருக்கும் கோபம் வரவில்லை. நம்பவில்லை. மருந்து அதிகமானால் எப்படி நோவு வரும்?

சுடலைமுத்துவின் தம்பி மாசானம்தான் முன்னால் வந்தான். "அப்போ எங்கண்ணன் சாவு ஒம்ம தலையிலதான?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா? அதென்னவே இருக்கலாம்? ஆமான்னு சொல்லும், இல்லேன்னா இல்லன்னு சொல்லும்!"

"எனக்கே தெரியாதுய்யா. நேத்து டாக்டரம்மாட்ட மன்றாடிப் பார்த்துட்டேன்."

மாசானம் கையை ஓங்கினான். பிலோமி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவள் ஈறில் ரத்தம் காய்ந்திருந்ததைத் தங்கப்பழம் அன்றுதான் கவனித்தார்.

"இன்னைக்கு இந்த இருவத்தாறையும் மூடணும்," என்றார். "மூடாட்டா வில்லை விழும். விழுந்தா யாராச்சும் திம்பிய."

அப்போதுதான் கூட்டம் கலங்கியது. கொலைக்குக் கலங்காதது குரலுக்குக் கலங்கியது. பின்னாலிருந்து ஒருவர், மகனைப் பறிகொடுத்த உப்பளக் கணக்கர் தாவீது, நிதானமாகப் பேசினார்.

"அண்ணாச்சி, ஒரு வழி சொல்லுதேன் கேளுங்க. குரலு இருக்கட்டும். விழுத வில்லைய அந்தந்த வீட்டு ஆளே கொண்டுபோயி கடல்ல போட்டுருதோம். சத்தியம் பண்ணித் தாரோம். ஒங்களுக்கும் பாவமில்ல, எங்களுக்கும் நட்டமில்ல."

நல்ல பேரம். எல்லோரும் தலையாட்டினார்கள். தங்கப்பழத்தின் உள்ளங்கைகூட ஒரு கணம் முன்னால் நீண்டது. செண்பகவல்லியும் அந்த இருபத்தாறில் இருந்தாள்.

"தாவீதய்யா," என்றார். "இன்னைக்குக் கடல்ல போடுவிய. நாளைக்கும் போடுவிய. அடுத்த மாசம் ஒங்க பேத்திக்கு மூக்கு ஒழுகும், சுடும். ஒங்க கையில ஒரு வில்லை இருக்கும். அது ஒங்க மகன் பங்கு. அன்னைக்குக் கடல் எந்தப் பக்கம் இருக்குன்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

தாவீது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மணி ஆறு. பெட்டி முனகியது. உயிருள்ள குரல்கள் நாலைந்து வந்தன, வில்லைகள் விழுந்தன. பிறகு, "செண்பகவல்லி. கடைவீடு. ஏங்க, இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

விழுந்த வில்லையை எடுத்து மேஜைமேல் தனியாக வைத்தார். பெட்டிக்கு அருகில் குனிந்து, "செண்பகவல்லி, மூடு," என்றார்.

பெட்டி உடனே அடுத்த ஆளின் பெயருக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். நடுவில் ஒரு இடைவெளிகூட விடவில்லை.

அதற்குப் பிறகு அவரவர் வீட்டுக் குரல் வரும்போது அவரவர் முன்னால் வந்தார்கள். சிலருக்கு வாய் வராமல் தங்கப்பழம் சொல்ல வேண்டியிருந்தது. மாசானம் அண்ணன் குரலுக்கு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். பிலோமியின் முறை வந்தது. "சிலுவை பர்னாந்து. மூணாம் வீடு. போதுமாவே?" என்றது பெட்டி. அவள் நின்று, மாதா படத்தைப் பார்ப்பது போல அந்த இரும்பைப் பார்த்து, "போதும்," என்றாள். 'மூடு' என்பதைத் தனக்குள்தான் சொல்லிக்கொண்டாள்; பெட்டிக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இரண்டாம் தடவைதான் அவளை உடைத்தது.

அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு வாசலில் யாரும் இல்லை. நானூறு குரல் முந்நூற்று எழுபத்து நாலாகி, பெட்டி இரண்டு நிமிஷம் முன்னதாகவே முடித்துக்கொண்டது.

யாரும் அவரைப் போலீசில் கொடுக்கவில்லை. அதைவிட எளிதாகச் செய்தார்கள்: வேறு கடைக்குப் போனார்கள். வில்லைக்கு மட்டும் வந்தார்கள், பருப்புக்கு வரவில்லை. சிலர் வில்லையை வாங்கிக்கொண்டு நின்று, அவர் கையைப் பார்ப்பார்கள். அந்தக் கை இப்போது கடிகாரக்காரன் கை மாதிரி ஒன்றே ஒன்றை எடுத்து வைக்கும். "அண்ணாச்சி ரொம்ப மாறிட்டாரு" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அவருக்கும் தெரியும், தராசு முள் நட்டநடுவில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கண்ணாடி அறைப் பலகையில் எண் ஏறியது. பதினோராம் நாள் 1,100. மூன்றாம் வாரம் ஒரு காய்ச்சல் வந்து 700க்கு இறங்கியது; அந்த இரண்டு நாள் தங்கப்பழம் கடையைத் திறக்கவில்லை, ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நிலோஃபர் டீ வாங்கிக்கொடுத்தாள். இரண்டு பேரும் மரத்தடியிலேயே குடித்தார்கள். பிறகு 1,500. 2,600. ஏழாம் வாரம் 3,900. வதனா ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள். இடது கால் தரையைச் சொன்னது. வலது கால் சொல்லவில்லை. கிரேன் வேலை போயிற்று.

வந்த அன்று சாயங்காலம் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"எப்பா, அம்மா குரல மூடுனியளாமே."

"மூடிட்டேன் தாயி."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப. சொன்னா நான் கேட்டிருப்பேன்."

அவள் தன் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி நேராக வைத்துக்கொண்டாள். "சரி," என்றாள். "தபால் வந்து கெடக்கு, இலாகாவுலருந்து. பிரிக்கவா?"

வில்லை இலாகாவின் முத்திரை. பிரித்து அவளே வாசித்தாள். சென்ற வைகாசி மாதக் கணக்கில் தங்கள் கடையிலிருந்து 312 வில்லைகள் திரும்பியுள்ளன. திட்டம் தொடங்கிய நாள் முதல் இம்மாவட்டத்தில் வில்லை திரும்பியது இதுவே முதல் தடவை. இந்த முறைகேட்டிற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். ஒப்பீட்டிற்காக மாவட்டக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது.

"இருவத்தாறு பேரு, மாசம் முடிய மிச்சம் பன்னெண்டு நாளு. முந்நூத்திப் பன்னெண்டு. சரியாத்தான அனுப்புனோம்? முறைகேடுன்னு சொல்லுதானுவ," என்றாள் வதனா.

"அந்தத் தாளக் குடு."

மாவட்டத்தில் குரல்பெட்டி உள்ள கடை இருநூற்றுப் பதினாலு. வரிசை எண், வழங்கியது, திரும்பியது. தங்கப்பழம் கடைசிக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக் கீழே இழுத்தார். ஒரு கடையில் சரக்கு திரும்பாமல் இருக்கலாம். ரெண்டு கடையில் இருக்கலாம். விரல் தாளின் அடிவரை போயிற்று; அடுத்த தாளில் தொடங்கியது; அதன் அடிவரை போயிற்று. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் அவருக்கு ஒரு கடை தெரிந்தது. காலை ஆறு மணி, வாசலில் ஓசையில்லாமல் நிற்கும் ஆட்கள், உள்ளே 'மூ' வரை வந்து நின்றுபோன ஒருவர், அவர் பிரியத்தோடு நீட்டுகிற கை.

குரலை மூடினால்தானே வில்லை திரும்பும்; அந்தத் தாளின்படி, இந்த மாவட்டத்தில் மூன்றரை வருஷமாக ஒரு ஆள் சாகவில்லை. கிட்டங்கித் தெருவில் மட்டும் ஒரே நாளில் இருபத்தாறு பேர்.

"என்னப்பா?" என்றாள் வதனா. "கணக்கு இடிக்கா?"

அவர் தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். இடிக்கவில்லை. அடியில் சிவப்பு மையில் கூட்டிப்போட்டிருந்தார்கள்.

அனுப்பிய வில்லை: 25,68,000.
வழங்கியது: 25,67,688.
திரும்பியது, 213 கடைகள்: 0.
திரும்பியது, 1 கடை: 312.
மீதம்: இல்லை.